ஞாயிறு சாயங்கால வயிற்றுவலி: பள்ளி வாரத்தை நினைத்துப் பயப்படும் குழந்தைக்கு வெள்ளி முதல் திங்கள் வரை வீட்டில் செய்ய வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நான் யூனிஃபார்மை அயர்ன் பண்ண உட்காருவேன். காலரில் தண்ணீர் தெளித்துச் சூடான பெட்டியை வைத்ததும் எழும் அந்த வாசம் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்த நிமிஷத்தில் என் மகள் பேச்சை நிறுத்திவிடுவாள். டிவி ஓடும், கண் அதில் இருக்காது. "அம்மா, நாளைக்கு என்ன கிழமை?" என்பாள். தெரியாமல் கேட்கிற கேள்வி இல்லை அது. ஏழு மணிக்கு மறுபடி கேட்பாள். எட்டு மணிக்குத் தட்டில் தோசை ஓரம் மட்டும் கிள்ளியபடி கிடக்கும். "வயிறு வலிக்குதும்மா."

அவள் நான்காம் வகுப்பு படித்த வருஷம் இது வாராவாரம் நடந்தது. அதட்டிப் பார்த்தேன், கெஞ்சினேன், ஓமத் தண்ணீர் கொடுத்தேன், இரண்டு திங்கட்கிழமை லீவு லெட்டரும் எழுதிக் கொடுத்தேன். லீவு போட்ட அடுத்த ஞாயிறுகள் இன்னும் மோசமாக விடிந்தன. பிறகு ஒரு குழந்தைகள் மனநல ஆலோசகரைப் பார்த்தோம். அவரிடம் கேட்டதும், தேடிப் படித்ததும், எங்கள் வீட்டில் பல மாதம் செய்து பார்த்ததும் கீழே வரிசையாக இருக்கின்றன. அன்றைக்கு எனக்குப் புரிந்த முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. குழந்தை "ஸ்கூலுக்குப் போக மாட்டேன்" என்று சொன்னாலும் முழுப் பள்ளிக்கூடத்தையும் நினைத்து அது பயப்படுவதில்லை. அந்த எட்டு மணி நேரத்துக்குள் எங்கேயோ ஒரு பத்து நிமிஷம் இருக்கிறது. பயம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. நம் வேலை அந்தப் பத்து நிமிஷத்தைக் கண்டுபிடிப்பது.

வலி பொய்யா, நிஜமா?

நிஜம். இதில் சந்தேகமே வேண்டாம். ஆபத்து வருகிறது என்று மூளை முடிவு செய்தால் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கும். இதயம் வேகமாக அடிக்கும், உள்ளங்கை வியர்க்கும், செரிமானத்துக்குப் போக வேண்டிய ரத்தம் கை கால் தசைகளுக்குத் திரும்பும். அதனால் வயிறு பிசையும், குமட்டும், அடிக்கடி பாத்ரூம் போகத் தோன்றும். துரத்தும் நாய்க்கும் திங்கட்கிழமை டெஸ்டுக்கும் உடம்பு ஒரே மாதிரிதான் தயாராகிறது.

"நாளைக்கு லீவு போட்டுக்கோன்னு சொன்ன பத்தாவது நிமிஷம் ஓடி விளையாடுறாளே, அப்போ நடிப்புதானே?" என்று என் மாமியார் கேட்டார். பல வீடுகளில் கேட்கப்படுகிற கேள்வி இது. ஆபத்து இல்லை என்று தெரிந்ததும் அட்ரினலின் அடங்கிவிடுகிறது, வலியும் போய்விடுகிறது. உடனே போனது என்பது அந்த வலி பயத்தால் வந்தது என்பதற்கு அடையாளம். நடிப்புக்கு அடையாளம் இல்லை.

ஆனாலும் ஒரு முறை குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். காய்ச்சலோடு வரும் வலி, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, தொப்புளைச் சுற்றி இல்லாமல் வலப்பக்க அடிவயிற்றில் நிற்கிற வலி, மலத்தில் ரத்தம், எடை குறைவது, விடுமுறை நாளிலும் தொடரும் வாந்தி ஆகியவற்றைப் பயத்தின் கணக்கில் எழுதக் கூடாது. அவை இல்லை என்று தெரிந்த பிறகு நமக்கும் தைரியமாகப் பேச வரும்.

முதல் படி: வெள்ளிக்கிழமையே பையைப் பிரிப்பது

ஞாயிறு ராத்திரி எட்டரை மணிக்கு "அம்மா, நாளைக்குச் சார்ட் பேப்பர் கொண்டு போகணும்" என்று கேட்காத வீடு இருக்கிறதா? அந்த நேரத்தில் கடை மூடியிருக்கும், நமக்குக் கோபம் வரும், குழந்தைக்குத் திங்கட்கிழமை இன்னும் கறுத்துப்போகும்.

வெள்ளிக்கிழமை வந்ததும் சாப்பிட ஏதாவது கொடுங்கள், அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து பையைக் கொட்டுங்கள். டைரியில் என்ன எழுதியிருக்கிறது, எதில் கையெழுத்து வேண்டும், எந்த நோட்டு முடியவில்லை, திங்கட்கிழமை என்ன டெஸ்ட் என்பதை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். ஐந்து வரிக்கு மேல் போகாது. வீட்டுப்பாடம் சனிக்கிழமை மதியத்துக்குள் முடிந்தாக வேண்டும். யூனிஃபார்ம் துவைப்பது, அயர்ன், ஷூ பாலிஷ், ஐடி கார்டைத் தேடுவது எல்லாம் சனிக்கிழமையே. நான் அயர்ன் பெட்டியைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றினேன். அந்த ஒரு மாற்றத்திலேயே ஞாயிறு ஆறு மணி கொஞ்சம் இளகியது.

இரண்டாம் படி: அந்தப் பத்து நிமிஷத்தைக் கண்டுபிடிப்பது

நேரம் எடுத்துச் செய்ய வேண்டியது இதுதான். சனிக்கிழமை காலை நல்லது. ஞாயிறு சாயங்காலம் பயம் ஏறிய பிறகு செய்தால் ஒன்றும் வராது.

"ஏன் பயப்படுற?" என்று கேட்காதீர்கள். ஏன் என்பதற்குப் பெரியவர்களுக்கே பதில் தெரியாது. குழந்தை "தெரியல" என்று சொல்லும், நாம் அதற்கும் கோபப்படுவோம். எங்கே, எப்போது, பக்கத்தில் யார், அப்புறம் என்ன நடக்கும் என்று கேட்டால் பதில் வரும். முகத்துக்கு நேரே உட்கார வைத்து விசாரிப்பதைவிட, பட்டாணி உரிக்கும்போதோ வண்டியில் முன்னும் பின்னுமாகப் போகும்போதோ குழந்தைகள் அதிகம் பேசுவார்கள்.

எங்களுக்குப் பலித்த வழி இது. பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தை நீளவாக்கில் வெட்டி ஒட்டி, ஒரு பள்ளி நாளை வரைந்தோம். எழுந்திருப்பது, குளியல், வேன், அசெம்பிளி, முதல் பீரியட், இரண்டாவது, இன்டர்வெல், மத்தியானச் சாப்பாடு, பி.டி., கடைசி பெல், திரும்ப வேன். எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டை. "எந்தக் கட்டம் எவ்வளவு கனமா இருக்கோ அவ்வளவு கொட்டை வை. ஒண்ணுமே இல்லைன்னா சும்மா விட்டுடு. ரொம்பக் கனம்னா அஞ்சு."

கணக்கு பீரியடில் குவியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்கில் இரண்டுதான் வைத்தாள். வேனில் ஒன்று. இன்டர்வெல்லுக்கு வந்ததும் கை நின்றது. ஐந்து கொட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று நிற்க வைக்கப் பார்த்து, சரியச் சரியத் திரும்ப வைத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்லம்மா. மூணு மாசம் முன்னாடி யாரோ தள்ளித் திறந்துட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

அதன் பிறகு அவள் பள்ளியில் பாத்ரூமுக்கே போகவில்லை. போகாமல் இருப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருக்கிறாள். தினமும் நிறைந்த பாட்டில் நிறைந்தபடியே வீட்டுக்கு வந்திருக்கிறது. தினமும் அதைக் கவிழ்த்துக் கழுவி வைத்தது நான்.

உங்கள் வீட்டில் கொட்டைகள் வேறெங்காவது குவியலாம். வேனில் பெரிய பையன்கள் சீண்டுவது, பேப்பர் கொடுக்கும்போது மார்க்கை உரக்கப் படிப்பது, எழுந்து நின்று வாசிக்கச் சொல்வது, மத்தியானம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்று தெரியாமல் நிற்பது. நெருங்கிய தோழி வேறு செக்‌ஷனுக்குப் போயிருக்கலாம். எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு அம்மாவைப் பிரிகிற அந்த கேட்தான் முழுப் பயமும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகளிடம் கட்டம் வரையச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்களிடம் "இந்த வாரத்துல எந்த நாள் வராம இருந்தா நல்லாருக்கும்?" என்று கேட்டால் போதும்.

பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வெள்ளைச் சுடிதாரில் கறை பட்டுவிடுமோ என்ற பயம் பலரை மாதம் இரண்டு நாள் வீட்டில் உட்கார வைக்கிறது. அதை வயிற்றுவலி என்றுதான் சொல்வார்கள். பையின் சின்ன ஜிப்புக்குள் இரண்டு நாப்கின், ஒரு மாற்று உள்ளாடை, ஒரு கவர். யாரிடம் கேட்கலாம் என்று ஒரு மிஸ்ஸின் பெயர். பயத்தில் பாதி அதிலேயே குறையும்.

மூன்றாம் படி: பெரியவர்கள் சரிசெய்ய வேண்டியதைப் பெரியவர்கள் செய்வது

உடைந்த தாழ்ப்பாளுக்குக் குழந்தைக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக் கொடுப்பது அநியாயம். சில பயங்களுக்குக் காரணம் வெளியே இருக்கிறது. அதை மாற்ற வேண்டியவர்கள் நாம்.

வகுப்பாசிரியரைத் தனியாகப் பாருங்கள், கேட்டில் கூட்டத்தோடு நின்று கேட்காதீர்கள். போகும் முன் குழந்தையிடம் சொல்லிவிடுங்கள். "நான் மிஸ்கிட்ட இதை மட்டும்தான் சொல்லப் போறேன்" என்றால் சம்மதிப்பார்கள். புகாராக ஆரம்பிக்காமல், பார்த்ததைச் சொல்லுங்கள்: "மிஸ், இவ மூணு மாசமா ஞாயித்துக்கிழமை சாப்பிடுறதில்ல. பாட்டில் அப்படியே திரும்பி வருது. பாத்ரூம் கதவுதான் காரணம்னு நேத்துதான் சொன்னா. நாம என்ன பண்ணலாம்?" எங்கள் வகுப்பாசிரியை அன்றைக்கே ஒரு தோழியைக் காவலுக்குக் கூட அனுப்ப ஏற்பாடு செய்தார். தாழ்ப்பாள் வர இரண்டு வாரம் ஆனது. அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை எழுப்பலாம். பெற்றோர்கள்தான் அந்தக் குழுவில் பெரும்பான்மை.

அடி, முட்டி போட வைப்பது, வகுப்பு முன் அவமானப்படுத்துவது என்று தெரியவந்தால் அதை "கண்டிப்பான டீச்சர்" என்று விட்டுவிடாதீர்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டதாகக் குழந்தை சொன்னால் பேச்சை நிறுத்தாமல் கேளுங்கள், திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள், உடனே 1098 என்ற சைல்டுலைன் குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

பாடத்தில்தான் பயம் என்றால் கண்ணைச் சோதியுங்கள். கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதித் திட்டு வாங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வாயால் கேட்டால் அத்தனையும் சொல்லி, எழுதும்போதும் வாசிக்கும்போதும் மட்டும் தடுமாறினால் டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடா என்று பார்க்க வேண்டும். சோம்பேறி என்ற பட்டம் அந்தக் குழந்தைக்கு வருஷக்கணக்கில் கனக்கும்.

நான்காம் படி: மாற்ற முடியாததற்கு ஏணி

டெஸ்ட் இருக்கத்தான் செய்யும். எழுந்து நின்று வாசிக்கவும் வேண்டியிருக்கும். இங்கேதான் நாம் அன்பினாலேயே தப்புச் செய்கிறோம். குழந்தை பயப்படுகிறதே என்று லீவு போட வைக்கிறோம். அந்த நிமிஷம் குழந்தைக்கு எவ்வளவு நிம்மதி! "போகாததால்தான் தப்பித்தேன்" என்று மூளை அந்த நிம்மதியை வைத்தே பாடம் படித்துக்கொள்கிறது. செவ்வாய்க்கிழமை திங்களைவிடக் கனமாகிவிடுகிறது. விட்டுப்போன பாடம், "ஏன் வரல?" என்ற கேள்வி எல்லாம் சேர்ந்துகொள்கின்றன.

பயத்தை எப்படி நெருங்குவது என்பதற்கு நூறு வருஷத்துப் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டால் நடுங்குகிற பீட்டர் என்ற சின்னப் பையனைப் பற்றி எழுதினார். அவன் பிடித்த பண்டத்தைச் சாப்பிடும்போது கூண்டில் முயலைத் தூரத்தில் வைத்தார்கள். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். கடைசியில் அவன் முயலைத் தடவிக் கொடுத்தான். முயலை ஒளித்து வைக்கவும் இல்லை, அவன் மடியில் தூக்கிப் போடவும் இல்லை.

வகுப்பில் வாசிக்கப் பயம் என்றால் ஏணி இப்படி இருக்கலாம். முதல் நாள் பாட்டிக்கு ஒரு பத்தி வாசிப்பது. அடுத்து போனில் பதிவு செய்து தானே கேட்பது. பக்கத்து வீட்டுத் தோழியிடம் வாசிப்பது. இன்டர்வெல்லில் மிஸ்ஸிடம் தனியாக. பிறகு வகுப்பில் இரண்டே வரி, அது எந்த இரண்டு வரி என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஒரு படியில் பயம் பாதியாகக் குறையும் வரை அதிலேயே நிற்கலாம். படியைக் குழந்தையே சொல்லட்டும். நாம் சொன்ன படியில் ஏறும்போது கால் நடுங்கும்.

யேல் பல்கலைக்கழகத்தில் லெபோவிட்ஸ் என்பவரின் குழு, குழந்தையைச் சந்திக்காமல் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தது. 7 முதல் 14 வயது வரையிலான 124 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு, 2020இல் அச்சில் வந்தது. குழந்தைக்கு நேரடியாகக் கொடுக்கும் சிகிச்சைக்குக் குறையாத பலன் இதிலும் கிடைத்தது. பெற்றோர் பழகிக்கொண்டவை இரண்டு. பயத்துக்கு இடம் கொடுத்துத் தாங்கள் செய்துவரும் காரியங்களை ஒவ்வொன்றாகக் குறைப்பது. குழந்தையின் பயத்தை மதித்து, அதன் திறனையும் நம்பிப் பேசுவது.

நம் வீடுகளில் இந்த இரண்டில் ஒன்று விட்டுப்போகும். "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க, உங்க அக்கா எப்படிப் போறா பாரு" என்பதில் மதிப்பு இல்லை. "அய்யோ பாவம், என் கண்ணு, நாளைக்குப் போக வேணாம்" என்பதில் நம்பிக்கை இல்லை. இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள்: "உனக்குப் பயமா இருக்குன்னு எனக்குத் தெரியுதுடா. பயத்தோடயே உன்னால போக முடியும்னும் எனக்குத் தெரியும்." முதல் பத்து தடவை வாயில் ஒட்டாது. சொல்லிக்கொண்டே இருங்கள்.

ஐந்தாம் படி: ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றுவது

சனி, ஞாயிறு பத்து மணி வரை தூங்கும் பிள்ளைக்கு ஞாயிறு ராத்திரி ஒன்பதரைக்குத் தூக்கம் எப்படி வரும்? உடம்பின் கடிகாரம் பின்னால் தள்ளிப்போயிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விழித்திருக்கிற அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் எல்லாப் பயமும் வந்து நிற்கும். விடுமுறை நாளிலும் வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதிக்காமல் எழுப்புங்கள்.

சாயங்காலத்தைக் காலியாக விடாதீர்கள். மாடியில் பட்டம், தெருவில் சைக்கிள், கோயில், அத்தை வீடு, எதுவானாலும் உடம்பு அசைய வேண்டும். வேறு வழியிருந்தால் ஞாயிறு சாயங்கால டியூஷனை வேறு நாளுக்கு மாற்றுங்கள். நாம் பேசுவதையும் கொஞ்சம் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் ஞாயிறு ஏழு மணிக்கு முதலில் பெருமூச்சு விட்டவர் என் கணவர்தான். "நாளைக்குத் திரும்ப ஆபீஸ்" என்பார். திங்கட்கிழமை என்றால் துக்கம் என்பதைக் குழந்தை எங்கிருந்தோ படித்துவரவில்லை.

கேள்விகளுக்கு ஒரு நேரம் வையுங்கள். ஐந்து மணி முதல் ஐந்தே கால் வரை. பயத்துக்கென்று தினம் ஒரு நேரம் ஒதுக்கிவைத்து, மற்ற நேரத்தில் வந்தால் அங்கே தள்ளிவைக்கும் இந்த முறையை 1983இல் போர்கோவெக் என்ற உளவியலாளரின் குழு பரிசோதித்தது. ஒரு நோட்டில் குழந்தை சொல்லச் சொல்ல எழுதுங்கள், திருத்தாதீர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் "நடந்தா நான் என்ன பண்ணுவேன்?" என்பதற்கு ஒரு வரி. "டெஸ்ட்ல மறந்துட்டா? தெரிஞ்ச கேள்வியை முதல்ல எழுதுவேன்." கால் மணி நேரம் முடிந்ததும் நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிடுங்கள். எட்டு மணிக்கு "நாளைக்கு என்ன கிழமை?" வந்தால் ஒரு முறை பதில். மறுபடி வந்தால் "அதுக்குப் பதில் உனக்கே தெரியும் கண்ணு. வேற எதாவது இருந்தா நாளைக்கு அஞ்சு மணிக்கு நோட்டுல எழுதலாம்." திரும்பத் திரும்பப் பதில் சொல்வது ஆறுதல் மாதிரி தெரியும். உண்மையில் அது கேள்விக்குத்தான் தீனி.

ஆறாம் படி: ராத்திரி

6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம். காலை ஆறு மணிக்கு எழ வேண்டிய மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்பதுக்குள் தூங்கியிருக்க வேண்டும் என்று அர்த்தம். படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே போன் கூடத்துக்குப் போய்விடட்டும், நம்முடையதும்தான்.

படுத்த பிறகு சூடான பாலை ஆற்றும் விளையாட்டு. கையில் டம்ளர் இருப்பதாக நினைத்து, மூக்கால் மூன்று எண்ணும் வரை ஆவியை இழுப்பது, உதட்டைக் குவித்து ஆறு எண்ணும் வரை மெதுவாக ஊதுவது. பால் சிந்தக் கூடாது, அதனால் வேகமாக ஊத முடியாது. மூச்சை நீளமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு குறைகிறது என்பதுதான் இதன் சூட்சுமம். பத்து தடவை போதும். பயம் இல்லாத புதன், வியாழன் ராத்திரிகளிலும் செய்து பழக்கினால்தான் ஞாயிறன்று கைகொடுக்கும்.

ஏழாம் படி: திங்கட்கிழமை காலை

பேச்சைக் குறையுங்கள். இருபது நிமிஷம் முன்னதாக எழுந்தால் அவசரமே இருக்காது. தைரியம் சொல்லும் பிரசங்கம் வேண்டாம். அடுத்து என்ன என்பதை மட்டும் சொல்லுங்கள்: "பல் தேய்ச்சாச்சா, சட்டை போட்டுக்கோ." சாப்பிட முடியவில்லை என்றால் அரை இட்லி, ஒரு வாழைப்பழம். திணித்தால் வாந்தி வரும். அரசுத் தொடக்கப் பள்ளி என்றால் அங்கே காலை உணவு உண்டு. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க 1 முதல் 5 வகுப்புக்கு வந்த திட்டம். வீட்டில் ஒரு வாய் இறங்காத பிள்ளை அங்கே கூட்டாளிகளோடு உட்கார்ந்து பொங்கலைச் சாப்பிட்டுவிடும்.

வாந்தி எடுத்தால் முகம் கழுவி, இரண்டு மிடறு தண்ணீர் கொடுத்து, பத்து நிமிஷம் உட்கார வைத்துக் காய்ச்சல் பாருங்கள். இல்லை என்றால் கிளம்பலாம். வேனை விட்டுவிட்டால் வண்டியில் கொண்டுபோய் விடுங்கள். இரண்டாவது பீரியடுக்குப் போய்ச் சேர்வதும் போனதுதான். கேட்டில் ஒரு முத்தம், ஒரு டாட்டா, திரும்பி நடக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளிடம் சொல்லாமல் நழுவிவிடாதீர்கள். ஒரு தடவை அப்படிப் போனால் அடுத்த பத்து நாள் நம் புடவைத் தலைப்பை விடாது.

எவ்வளவு முயன்றும் வீட்டில் தங்கும்படி ஆகிவிட்டதா? அன்று பள்ளி நேரம் முழுக்க டிவி, போன், கடை எதுவும் கிடையாது. பாடப் புத்தகமும் கதைப் புத்தகமும்தான். தண்டனையாகச் சொல்லாமல், சாதாரணமாக.

எட்டாம் படி: திங்கட்கிழமை சாயங்காலம்

பலரும் விட்டுவிடுவது இதைத்தான். வந்ததும் வாசலிலேயே "எப்படி இருந்துச்சு, டெஸ்ட் எப்படி?" என்று கேட்காதீர்கள். சுண்டலோ பஜ்ஜியோ, திங்கட்கிழமைக்கென்றே ஒரு பண்டம் வைத்துக்கொள்ளலாம். பிறகு அந்தக் காலண்டர் தாளை விரித்து மறுபடி கொட்டை வைக்கச் சொல்லுங்கள். "சனிக்கிழமை இன்டர்வெல்லுக்கு அஞ்சு வச்சே. இன்னைக்கு நிஜமா எவ்வளவு இருந்துச்சு?"

எங்கள் தாளின் ஓரத்தில் அந்த மாதத்து எண்கள் இன்னும் இருக்கின்றன. முதல் வாரம் சனி 5, திங்கள் 5. இரண்டாம் வாரம் 5, 3. மூன்றாம் வாரம் 5, 4, அன்றைக்குத் தோழி வரவில்லை. நான்காம் வாரம் 4, 2. முன்பு நினைத்த கனமும் இன்று தூக்கிய கனமும் வேறு என்பதைக் குழந்தை தன் கையெழுத்தில் பார்க்கிறது. நாம் ஆயிரம் தடவை "ஒண்ணும் ஆகாது" என்று சொல்வதால் அது வராது. பாராட்டும்போது மார்க்கைத் தொடாதீர்கள். "அஞ்சு கொட்டை கனம் இருந்தும் போனியே" என்று சொல்லுங்கள்.

வீட்டை விட்டு வெளியே உதவி தேடும் நேரம்

மூன்று, நான்கு வாரம் இதையெல்லாம் செய்தும் குறையவில்லை, வாரத்தில் ஒரு நாளாவது பள்ளி விட்டுப்போகிறது, தூக்கமும் சாப்பாடும் குலைகிறது, முன்பு பிடித்த விளையாட்டும் வேண்டாம் என்கிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, புறநோயாளியாகப் போகலாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். பள்ளி தொடர்பான குழப்பங்களுக்குத் தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் 14417. "செத்துப் போயிடலாம் போல இருக்கு" என்று குழந்தை ஒரு தடவை சொன்னாலும், கோபத்தில் சொன்னாலும், அன்றைக்கே பேச வேண்டும், தனியாக விடக் கூடாது.

நீண்ட விடுமுறைக்குப் பிறகு

காலாண்டு, அரையாண்டு லீவு முடியும்போது பயம் திரும்பும். பழையபடி ஆகிவிட்டதே என்று இடிந்துபோக வேண்டாம், நோட்டையும் கொட்டையையும் எடுத்தால் போதும். கோடை விடுமுறையில் பள்ளி திறக்கப் பத்து நாள் முன்பே தூங்கும் நேரத்தைத் தினம் கால் மணி நேரமாக முன்னே கொண்டுவாருங்கள். ஒரு சாயங்காலம் பள்ளி வழியாக நடந்து கேட்டைப் பார்த்துவிட்டு வரலாம். நோட்டுகளுக்கு பிரவுன் ஷீட் அட்டை போடுவதைக் குழந்தையோடு உட்கார்ந்து செய்யுங்கள். கை வேலையாக இருக்கும்போது புது வகுப்பைப் பற்றிய பேச்சு தானாக வரும்.

போன ஜூனில் நாங்கள் அட்டை போட்டுக்கொண்டிருந்தபோது அவளே எழுந்துபோய் அலமாரியிலிருந்து புளியங்கொட்டை டப்பாவைக் கொண்டுவந்தாள். இன்டர்வெல் கட்டத்தில் ஒன்றும் வைக்கவில்லை. வேன் கட்டத்தில் மூன்று வைத்தாள். "இந்த வருஷம் வேன்லதாம்மா," என்றாள். "புது அண்ணா எந்த சீட்ல உக்கார வைப்பாருன்னு தெரியல." நான் பிரவுன் ஷீட்டைக் கீழே வைத்துவிட்டு, வேன் எந்த மூலையில் திரும்பும், யார் முதலில் ஏறுவார்கள் என்று கேட்க ஆரம்பித்தேன்.